பதினேழாவது சீசன்

2011 மே 23, ஓக்லஹோமா சிட்டி. என்பிஏ கூடைப்பந்து மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. சொந்த ஊரில் ஆடும் தண்டர் 99, டல்லாஸ் மேவரிக்ஸ் 84. நம் ஊரில் அது வேலைக்குக் கிளம்பும் நேரம். பதினைந்து புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர்கள்மேல் தப்பே இல்லை.

தண்டரின் கெவின் டுரான்டுக்கு அப்போது 22 வயது. ரஸல் வெஸ்ட்புரூக்குக்கும் 22. ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா இருவரும் 21. எதிரணியில் டர்க் நொவிட்ஸ்கிக்கு 32, ஜேசன் டெரிக்கும் ஷான் மேரியனுக்கும் 33, ஜேசன் கிட்டுக்கு 38. கிட் முதன்முதலில் என்பிஏ ஆட்டத்தில் இறங்கிய 1994இல் டுரான்ட் ஆறு வயதுப் பையன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் டல்லாஸ் 17 புள்ளி எடுத்தது. தண்டர் எடுத்தது இரண்டே இரண்டு. 101-101. கூடுதல் நேரம். அதிலும் 40 விநாடி மிச்சமிருக்கும்போது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று கிட் எறிந்த பந்து வலைக்குள் இறங்கியது. டல்லாஸ் 112, தண்டர் 105. இரண்டு நாள் கழித்துத் தொடரும் முடிந்தது, 4-1.

அனுபவம் ஜெயித்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பதினேழு வருஷம் ஆடியவர்கள் எத்தனையோ பேர். எல்லோராலும் அந்த எறிதலை எறிந்திருக்க முடியாது. கிட்டாலேயே முன்பு முடிந்ததில்லை. இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது அங்கேதான் தொடங்குகிறது.

இளம் வயது கிட்டின் வேகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரீபவுண்டை அவரே பிடித்து, எதிரணி திரும்புவதற்குள் மறுபக்கம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நியூஜெர்ஸி நெட்ஸை 2002, 2003 என்று அடுத்தடுத்து இறுதிப் போட்டிக்கு இழுத்துச் சென்றது அந்த ஓட்டம்தான். ஆனால் தூரத்திலிருந்து எறிய வராது. துள்ளி எறியும் ஜம்ப் ஷாட்டை அங்கே செல்லமாக ‘ஜே’ என்பார்கள். ஜேசன் என்ற பெயரில் ‘ஜே’ இல்லை என்று சொல்லி, ‘ஏசன்’ கிட் என்று கேலி செய்தார்கள். முதல் சீசனில் அவருடைய மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 27தான் உள்ளே போயின. எதிரணிகள் அவரைக் கோட்டருகே தனியாக விட்டுவிட்டு, உள்ளே இன்னொருவரைக் கூடுதலாகக் காத்தன.

வயது ஏறியது. அந்த ஓட்டம் போனது. 2008இல், முதலில் ஆடிய டல்லாஸுக்கே திரும்பி வந்த கிட், இனி ஓட்டத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று புரிந்தவர். 2009-10 சீசனில், 36 வயதில், நூற்றுக்கு 42க்கும் மேல் போட்டார். ஆட்டத்தை விட்டபோது மொத்தம் 1,988 மூன்று புள்ளிகள். அதுவரையிலான என்பிஏ வரலாற்றில் அவருக்கு மேலே இருந்தவர்கள் ரே ஆலனும் ரெஜி மில்லரும் மட்டுமே.

அந்தக் கூடுதல் நேர எறிதலை நிதானமாகத் திரும்பப் பாருங்கள். உயரமான துள்ளல் கிடையாது. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பாதமும் கூடையைப் பார்த்து ஊன்றியிருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும், கைகள் நெஞ்சுக்கு முன்னே காத்திருக்கும். பந்து வந்ததும் தரையிலிருந்து லேசாக எழும்பித் தள்ளுவார். இளம் ஆட்டக்காரர் பந்தைப் பிடித்த பிறகு காலைச் சரிசெய்வார். காப்பவர் கை நீட்ட அந்த அரை விநாடி போதும். துள்ளிக் குதித்து அந்த நேரத்தை ஈடுகட்ட இளைஞரால் முடியும். கிட்டால் முடியாது. அதனால் அந்த அரை விநாடியை அவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்.

தடுப்பாட்டத்திலும் இதே கதைதான். கடைசி நிமிடங்களில் சில முறை டுரான்டைக் காக்கும் பொறுப்பு கிட்டுக்கு வந்தது. இருவருக்கும் அரை அடி உயர வித்தியாசம். பந்து கைக்கு வந்த பிறகு டுரான்டை நிறுத்துவது ஆகிற காரியமில்லை என்று கிட்டுக்குத் தெரியும். ஆகவே பந்து வருவதற்கு முன்பே இடுப்போடு ஒட்டி நின்று, அவர் விரும்பும் இடத்திலிருந்து இரண்டடி, மூன்றடி வெளியே தள்ளினார். அங்கிருந்து எறிவது வேறு, வழக்கமான இடத்திலிருந்து எறிவது வேறு. தண்டர் பையன்கள் பதறினார்கள். ஹார்டன் ஆறாவது ஃபவுலோடு வெளியேறினார். ஆட்ட நேரத்தின் கடைசி எறிதலுக்கு டுரான்ட் எழும்பியபோது மேரியனின் கை பந்தைத் தட்டியது.

மறுமுனையில் டல்லாஸ் அவசரமே படவில்லை. ஏழடி நொவிட்ஸ்கிக்கு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் பந்து. அவர் ஒரு காலை மடக்கி, பின்னால் சாய்ந்து எறிவார். அல்லது எதிராளி ஃபவுல் செய்வார். எடுபட்டதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். நொவிட்ஸ்கிக்கு அன்று 40 புள்ளி.

மூத்தவரின் அனுபவத்துக்கு விலை உண்டு என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்த விலை அவர் ஆடிய ஆண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. உடம்பு எதைக் கைவிட்டதோ, அதற்கு ஈடாகப் புதிதாக என்ன கற்றார் என்பதில் இருக்கிறது. கற்காமல் கழிந்த ஆண்டுகள் வெறும் வயதுதான்.

அந்த வருஷத்து இறுதிப் போட்டிக்கு வருவோம். எதிரணி மயாமி ஹீட்: லெப்ரான் ஜேம்ஸ் 26, டுவைன் வேட் 29, கிறிஸ் போஷ் 27. இதே மயாமியிடம்தான் 2006 இறுதிப் போட்டியில் டல்லாஸ் முதல் இரண்டு ஆட்டங்களை வென்று, மூன்றாவதிலும் கடைசிக் கால்பகுதியில் 13 புள்ளி முன்னிலையில் இருந்து, அதைக் கோட்டைவிட்டு, தொடரையே 4-2 என்று இழந்திருந்தது. அந்தத் தோல்வியைச் சுமந்தவர்களில் 2011 அணியில் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்: நொவிட்ஸ்கி, டெரி. சீசன் தொடங்கும் முன்பே டெரி தன் கையில் கோப்பையின் படத்தைப் பச்சை குத்திக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஏழு நிமிடம் சொச்சம் இருக்கையில் வேட் டல்லாஸ் இருக்கைகளுக்கு நேர் முன்னால் மூன்று புள்ளி போட்டு, எறிந்த கையை இறக்காமல் நின்றார். 88-73. அதன் பிறகு டல்லாஸ் 22, மயாமி 5. வெற்றிப் புள்ளி வந்தது 3.6 விநாடி பாக்கி இருக்கும்போது. முந்தைய ஆட்டத்தில் இடது கை நடுவிரலின் தசைநார் அறுந்திருந்த நொவிட்ஸ்கி, போஷைத் தாண்டிப் போய் அதே இடது கையால் பந்தைக் கூடையில் வைத்தார். 95-93. பத்து நாள் கழித்து, ஆறாவது ஆட்டத்தில், டல்லாஸ் முதன்முறையாகச் சாம்பியன் ஆனது. கிட்டுக்கும் அதுதான் முதல் பட்டம், பதினேழாவது சீசனில்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். வயதானவர்கள் ஓடிக் களைத்துப் போகாமல் இருந்ததற்குப் பயிற்சியாளர் ரிக் கார்லைலின் ஏற்பாடும் காரணம். ஆளுக்கு ஆள் காப்பதை விட்டு, அவ்வப்போது இடத்தைக் காக்கும் ஜோன் முறைக்கு மாறினார். ஜோனில் கால் குறைவாக ஓடும், வாய் அதிகம் பேச வேண்டும்: யார் எங்கே வருகிறார், எவர் விலக வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் நின்று காத்த டைசன் சாண்ட்லருக்கு 28 வயது. இறுதிப் போட்டியின் நடுவில் முதல் ஐவருக்குள் கொண்டுவரப்பட்ட ஜே.ஜே. பரேயாவுக்கு 26; ஆறடிகூட இல்லாத அந்தச் சின்ன மனிதர்தான் மயாமியின் தடுப்பை வேகத்தால் கிழித்தவர். கிழவர்கள் அணி என்று பேர், ஆனால் ஓட வேண்டிய இடத்தில் ஓட ஆள் இருந்தது.

தோற்ற லெப்ரான் என்ன செய்தார்? அந்தக் கோடையில் பழைய வீரர் ஹகீம் ஒலஜுவானிடம் போய், கூடைக்கு முதுகு காட்டி நின்று ஆடும் வித்தையைக் கற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு வருஷமும் பட்டம் அவருக்கு. அனுபவம் 26 வயதிலும் வரலாம். தோல்விக்குப் பிறகு யாரிடம் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு வருஷம் கழித்து, 2012 பிளே ஆஃப் முதல் சுற்றில் அதே டல்லாஸும் அதே தண்டரும் மோதின. தண்டர் 4, டல்லாஸ் 0. நான்காவது ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது டல்லாஸ் 13 புள்ளி முன்னிலை. முந்தைய வருஷம் ஃபவுலோடு வெளியேறிய அதே ஹார்டன் பந்தை எடுத்து, ஒரே ஆட்டமுறையைத் திரும்பத் திரும்ப ஆடினார். மொத்தம் 29 புள்ளி எடுத்தவர், அதில் 15ஐ அந்தக் கால்பகுதியில் எடுத்தார். எடுபட்டதை விடாதே என்று டல்லாஸ் கற்றுக்கொடுத்த பாடத்தை டல்லாஸ் மைதானத்திலேயே ஒப்பித்துக் காட்டினார். அதற்கிடையில் டல்லாஸ் நிர்வாகம் சம்பளக் கணக்குக்காக சாண்ட்லரையும் பரேயாவையும் போகவிட்டிருந்தது. மூத்தவர்கள் இருந்தார்கள், அவர்களைத் தாங்கிய கால்கள் போய்விட்டன.

கிட் அந்தக் கோடையில் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். 2013 பிளே ஆஃபில் 40 வயதில் அவருடைய கடைசிப் பத்து ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எறிந்த கடைசி 17 பந்தும் தவறின. மனிதர் அதேதான், தலைக்குள் இருந்த ஆட்ட அறிவில் ஒரு துளி குறைந்திருக்காது. ஆனால் லேசாக எழும்புவதற்கும் கால் வேண்டும். அந்தப் பத்து ஆட்டங்கள் எனக்கு இன்றும் வலிக்கின்றன. ஜூன் தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வு பெற்ற பத்தே நாளில் அவர் புரூக்ளின் நெட்ஸின் பயிற்சியாளர். அந்தக் கோடையில் நெட்ஸ் செய்த பேரம், அனுபவத்தை எப்படி வாங்கக்கூடாது என்பதற்கு என்பிஏவில் எல்லோரும் காட்டும் உதாரணம். பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி மூவரும் வந்தார்கள். கார்னெட்டுக்கு 37, மற்ற இருவருக்கும் அந்த சீசனில் 36. பதிலுக்கு 2014, 2016, 2018 மூன்று வருஷங்களின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் (புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் போயின. ஆடம்பர வரி மட்டும் சுமார் 9 கோடி டாலர்.

விளைவு? முதல் 31 ஆட்டங்களில் 21 தோல்வி. பிறகு சுதாரித்து, டொரன்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி விநாடியில் பியர்ஸ் கை வைத்து எறிதலைத் தடுக்க, முதல் சுற்றைக் கடந்தார்கள். அடுத்து மயாமியிடம் 4-1. கார்னெட்டின் சராசரி 6.5 புள்ளி. டெரி பிப்ரவரியிலேயே வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். மூவரும் சாம்பியன்கள், மூவரும் ஆட்டம் அறிந்தவர்கள். ஆனால் நெட்ஸ் விலை கொடுத்தது அவர்கள் பாஸ்டனிலும் டல்லாஸிலும் செய்து முடித்த வேலைக்கு. இனி அவர்களால் என்ன முடியும், அதைச் செய்ய அவர்களைச் சுற்றி யார் ஓடுவார்கள் என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது.

அதே காலத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் ஒரு நாள் டிம் டங்கன் ஆடவில்லை. ஆட்டக் குறிப்பில் காரணம் கேட்கும் இடத்தில் ‘வயதாகிவிட்டது’ என்று எழுதியிருந்தது. பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் அதை வேடிக்கையாக எழுத வைத்திருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் கறாரான திட்டம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் ஓய்வுக்காக ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பினார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. அவர் மாறவில்லை. 2013-14 சீசனில் ஸ்பர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. ஜூனில் டங்கனுக்கு 38, ஜினோபிலிக்கு 36. மயாமியை 4-1 என்று வீழ்த்தினார்கள். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது கவாய் லெனார்டுக்கு. லெப்ரானைத் துரத்திக் காக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டதால்தான் பெரியவர்கள் யோசித்து ஆட முடிந்தது.

நெட்ஸ் தூக்கிக் கொடுத்த உரிமைகள் என்னவாயின? 2016இன் மூன்றாவது இடத்தில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல் கைமாறிய முதல் இடத்தை ஃபிலடெல்ஃபியாவோடு மாற்றிக்கொண்டு, மூன்றாவதாக ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024 ஜூனில் அந்த இருவரும் பாஸ்டனைச் சாம்பியன் ஆக்கினார்கள். டேட்டமுக்கு 26, பிரவுனுக்கு 27. இறுதிப் போட்டியில் 4-1 என்று தோற்ற அணி டல்லாஸ். அதன் பயிற்சியாளர் ஜேசன் கிட்.

இதை இளமையின் வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த பாஸ்டன் அணியின் நடுவில் நின்ற அல் ஹார்ஃபோர்டை என்ன செய்வது? இறுதிப் போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் அவருக்கு 38 வயது நிறைந்திருந்தது. கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸுக்குக் காயம்பட்ட நாள்களில் முதல் ஐவரில் இறங்கியவர் அவர். முதல் எட்டு சீசன்களில் ஹார்ஃபோர்ட் மூன்று புள்ளிக் கோட்டுப் பக்கமே போனதில்லை என்று சொல்லலாம். கூடைக்கு அருகில் ஆடும் உயர்ந்த ஆள். 2015-16இல், முப்பதை நெருங்கும்போது, வெளியே வந்து எறியத் தொடங்கினார். அந்த எறிதல் இல்லாவிட்டால் 2024 பாஸ்டனின் ஆட்டமுறையில் அவருக்கு இடமே கிடையாது. பெரிய ஆள் வெளியே நின்றால் எதிரணியின் பெரிய ஆளும் வெளியே வர வேண்டும். கூடைக்கு முன்னால் காலியாகும் அந்த இடத்தில்தான் டேட்டமும் பிரவுனும் புகுந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம் வந்தால் ஒன்றில் அவருக்கு ஓய்வு. பதினேழாவது சீசனில், 38 வயதில், முதல் பட்டம். எதிரே பயிற்சியாளராக நின்ற கிட்டின் கதை இதே வயதில், இதே எண்ணிக்கையில் நடந்தது. எறியத் தெரியாதவர் எறியக் கற்றுக்கொண்ட கதைதான் இரண்டும்.

அடுத்த வருஷம் தண்டர் பட்டம் வென்றது. 1977 போர்ட்லண்டுக்குப் பிறகு இவ்வளவு இளம் சாம்பியன் அணி இல்லை. முன்னணி வீரர் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டருக்கே 26தான். ஆனால் நான் அதிகம் கவனித்தது அலெக்ஸ் கரூசோவை. முந்தைய கோடையில் தண்டர் 21 வயது ஜாஷ் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, 30 வயது கரூசோவை வாங்கியிருந்தது. டிராஃப்ட் உரிமை எதுவும் கைமாறவில்லை. கரூசோ 2020இல் லேக்கர்ஸோடு பட்டம் வென்றவர். சீசன் முழுக்க ஆட்டத்துக்குப் பத்தொன்பது நிமிடம், மொத்தம் 54 ஆட்டம். அவ்வளவுதான் அவரைப் பயன்படுத்தினார்கள். மே மாதம் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அந்தச் சேமிப்பு வெளியே வந்தது. நிகோலா யோகிச் கரூசோவைவிட அரை அடி உயரம், எடையில் மலை. பின்னால் நின்று முட்டுக்கொடுத்தால் கரூசோ சரிந்துபோவார். அதனால் முன்னால் போய் நின்றார். பந்துக்கும் யோகிச்சுக்கும் நடுவில் உடம்பைப் புகுத்தி, கையைத் தூக்கி, பாஸ் வரும் வழியையே மூடினார். தலைக்கு மேலே வீசினால் பின்னால் தண்டரின் இளம் கால்கள் ஓடி வந்து சேரும். யோகிச்சால் அன்று எறிய முடிந்தது ஒன்பதே முறை. தண்டர் 125, டென்வர் 93.

2011இல் கிட் டுரான்டுக்குச் செய்ததும் இதேதான்: பந்து வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். தண்டர் அதை ஒரே ஆளிடம், அளவாக, சரியான விலைக்கு வாங்கியது. எனக்குத் தெரிந்து சமீப காலத்தில் இவ்வளவு தெளிவாக அனுபவத்தை எடைபோட்ட அணி வேறில்லை.

டல்லாஸ் அப்படி எடைபோடவில்லை. 2025 பிப்ரவரியில் 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆன்தனி டேவிஸை வாங்கியது. தடுப்பாட்டம்தான் பட்டம் வாங்கித் தரும் என்றார் பொது மேலாளர் நிகோ ஹாரிசன். டேவிஸ் புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். நவம்பரில் ஹாரிசனின் வேலை போனது. டேவிஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் அணியையே தூக்கிச் சுமக்கும் 25 வயதுக்காரரை அனுபவத்துக்காக விற்றதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் டிராஃப்ட் குலுக்கலில் டல்லாஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத வாய்ப்பில் முதல் டிராஃப்ட் இடம் கிடைத்தது, கூப்பர் ஃபிளாக் வந்தார். வயது 18, உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், ஆடிப் பழகியது ஃபார்வர்டு இடத்தில். 2025 அக்டோபரில் சீசன் தொடங்கியபோது கிட் அந்தப் பையனைப் பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டாக நிறுத்தினார். 1994இல் இதே டல்லாஸ் 21 வயது கிட்டின் கையில் பந்தைக் கொடுத்த அதே இடம். முதல் ஆட்டத்தில் ஸ்பர்ஸிடம் 125-92 என்று அடி விழுந்தது. அடுத்த ஆட்டத்திலும் கிட் பந்தை ஃபிளாக்கிடமேதான் கொடுத்தார்.